நஞ்சின் அளவு மட்டுமா?
செல் ஒடுங்கிச் சாவதா வெடித்துச் சாவதா என்பதை நஞ்சின் அளவே தீர்மானிக்கிறது என்று செல்சாவு பற்றிய ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் இருப்பையும் பார்க்க வேண்டும். 1997-இல் டி-செல்கள் எனும் மனித நோயெதிர்ப்புச் செல்களில் ஸ்டாரோஸ்போரின் என்ற ஒரே நஞ்சைக் கொடுத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸை எடுத்து, ஏடிபி உற்பத்தியைத் தடுக்கும் ஒலிகோமைசினால் ஏடிபியை வற்றவைத்ததும் அப்போப்டோசிஸ் (ஒடுங்கிச் சாவது) நெக்ரோசிஸாக (வெடித்துச் சாவதாக) மாறியது, குளுக்கோஸ் சேர்த்ததும் திரும்பிவிட்டது. அப்பாஃப்-1 என்ற புரதம் ஒன்றுகூடி, அப்போப்டோசிஸைத் தொடங்கும் காஸ்பேஸ்-9 நொதியை முடுக்கவே ஏடிபி அல்லது அதை ஒத்த டிஏடிபி வேண்டுமே! இன்னோர் எடுத்துக்காட்டு பராகுவாட், அதான் 2020-இல் மலேசியாவில் தடையாகும்வரை செம்பனைத் தோட்டங்களில் புல்லுக்கு அடித்த மருந்து. அது செல்லில் எலக்ட்ரான் தரும் மூலக்கூறான என்ஏடிபிஎச்சைக் கரைத்துக்கொண்டே, சூப்பராக்சைடு என்ற வீரியமிக்க ஆக்சிஜன் வடிவத்தைக் கிளப்பும். அதனால் டிஎன்ஏ சிதைந்து அதைச் செப்பனிட உதவும் பார்ப்-1 நொதி மிகையாக ஓடினால், அது செலவழிக்கும் என்ஏடி மூலக்கூறும் தீரும், பின்னாலேயே ஏடிபியும். செல் எப்படிச் சாகிறது என்று சோதிப்பவர்கள், அப்போப்டோசிஸைக் காட்டப் பயன்படும் அனெக்ஸின் என்ற ஒளிரும் குறியை மட்டும் நம்பவேண்டாம். சவ்வு கிழிந்த செல்லும் அதில் ஒளிரும், சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் சாயமான புரொப்பிடியம் அயோடைடும் கூடவே தேவை.