பள்ளிக்கரணை காலி இடம் இல்லை

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அடுக்குமாடி கட்டலாமா என்று நடந்த டிவி விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "சும்மா கிடக்கிற சதுப்புல நாலு கட்டடம் வந்தா என்ன குடி முழுகிடப் போகுது?" என்று அதில் பேச வந்த ஒருவர் கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஐயா, குடிதான் முழுகும். முழுகியும் இருக்கிறது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அந்தச் சதுப்பை ஒட்டிய வேளச்சேரியில் எங்கள் வீடு தரைத்தளம். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. முதலில் குளியலறைச் சாக்கடை ஓட்டையிலிருந்து கறுப்பாகப் பொங்கியது. கொஞ்ச நேரத்தில் கட்டில் உயரம். அம்மாவை மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவருடைய இன்சுலின் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது, ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்தது.

தென்சென்னையிலும் புறநகரிலும் சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழை ஏரி ஏரியாக வழிந்து கடைசியில் பள்ளிக்கரணைக்குத்தான் வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், அப்புறம் கடல். கடல் பொங்கி நிற்கும்போது தண்ணீர் வடியாது. அதுவரை அத்தனையையும் தாங்கி நிற்பது அந்தச் சதுப்புதான். அது காலி இடம் இல்லை. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் இருந்தது என்பார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது 1,247 ஹெக்டேர் சொச்சம். ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக்கிடங்கு, குறுக்கே ரேடியல் ரோடு, சுற்றிலும் ஐடி கட்டடங்கள். இன்னும் எவ்வளவு வேண்டும்?

"உன் வீடு மட்டும் எங்கே இருக்கிறது?" என்று கமெண்டில் வருவீர்கள். வாருங்கள். அப்ரூவல் கொடுத்த அரசு முத்திரையை நம்பி, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கியவர்கள் நாங்கள். நனைந்தவன் பேசக்கூடாது என்றால் வேறு யார் பேசுவது?

"ஏழைகளுக்கு வீடு வேண்டாமா?" வேண்டும். ஆனால் அங்கே கட்டப்போவது கோடி ரூபாய் ஃப்ளாட். ஏழைகளை நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கத்தில், பெருமழை வந்தால் படகுதான். அவர்கள் பெயரைச் சொல்லி வாதாட உங்களுக்கு மனசு எப்படி வருகிறது?

பறவைக்காக மனிதனை விரட்டுகிறோமாம். பூநாரைகளையும் அரிவாள் மூக்கன்களையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் இன்று நான் அம்மாவுக்காகப் பேசுகிறேன். ரெட் அலர்ட் என்று செய்தி வந்தாலே மருந்தையும் ரேஷன் கார்டையும் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். எழுபது வயதுக்கு மேல் ஒருவர் சொந்த வீட்டில் இப்படியா இருக்க வேண்டும்?

ராம்சார் எல்லையைச் சர்வே எண் வாரியாக வெளியிடுங்கள். தரையில் கல் நட்டுக் காட்டுங்கள். அது முடிகிறவரை அதையொட்டி ஒரு செங்கல்லுக்குக்கூட அனுமதி கொடுக்காதீர்கள்.