கிரையத்துக்குப் பின் செப்டிக் டேங்க் பழுது: விற்றவரின் பொறுப்பு குறித்து

கிரையப் பத்திரம் பதிவாகிவிட்டால், அதன்பின் தெரியவரும் செப்டிக் டேங்க் பழுதுக்கு விற்றவர் எவ்விதத்திலும் பொறுப்பல்ல என்று இணையத்தில் ஒரு கருத்து பதிவாகி, பலராலும் பகிரப்பட்டு வருகிறது. இந்தியச் சட்டப்படி இது சரியல்ல என்பதைப் பணிவுடன் தெரிவிக்க விரும்புகிறேன்.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55(1)(அ)-இன்படி, விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாததும் அவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறைபாட்டை விற்பவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விடுவது மோசடியாகும் என்று அதே பிரிவின் இறுதிப் பகுதி வெளிப்படையாகவே கூறுகிறது. தொட்டியின் சுவர் விரிசல் விட்டுக் கழிவுநீர் மண்ணில் இறங்குவதை அறிந்தவர், மூடியின் மேல் புதிதாக டைல்ஸ் பதித்து வீட்டை விற்றால், பத்திரப்பதிவு அவரைக் காப்பாற்றாது. முற்றத்தில் கழிவுநீர் வெளிப்படையாகத் தேங்கி நின்றிருந்தால் நிலைமை வேறு. பார்த்தாலே தெரியும் குறைக்கு இந்தப் பிரிவு துணை நிற்காது.

நடைமுறையில் கடினமானது, விற்றவருக்கு முன்பே தெரியும் என்று நிறுவுவதுதான். அடிக்கடி கழிவுநீர் லாரி வந்துபோனதற்கான ரசீதுகள், பழுது பார்த்த கொத்தனார், பக்கத்து வீட்டாரின் சாட்சியம் ஆகியவை இங்கே உதவும்.

மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் இச்சட்டத்தை எவரும் இலவசமாகப் படிக்கலாம். பிரிவு 55, மாறான ஒப்பந்தம் இல்லாதபோதே பொருந்தும் என்பதால், உங்கள் விற்பனை ஒப்பந்தத்தில் 'உள்ளது உள்ளபடி' போன்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.