எட்டாம் தேதிப் பேப்பர்

(புரூக்ளினில் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை.)

வந்தவர்: இது தப்பான பேப்பர், பெரியவரே. டான் லார்சன் பந்து வீசிய அந்த பேஸ்பால் ஆட்டம் நடந்தது 1956 அக்டோபர் 8. இதில் 9 என்று போட்டிருக்கிறது.

கடைக்காரர்: நேற்று நடந்ததைத்தான் தம்பி இன்றைக்குப் போடுவார்கள்.

வந்தவர்: நெட்டில் 8 என்றுதான் இருக்கிறது.

கடைக்காரர்: ஆட்டம் 8. பேப்பர் 9. கல்யாணத்தன்றே ஆல்பம் கைக்கு வருகிறதா?

வந்தவர்: சரி, விடுங்கள். ஏன் இவ்வளவு மஞ்சளாக இருக்கிறது? இதிலேயே புதிதாக ஒன்று கொடுங்களேன்.

கடைக்காரர்: 1956இல் புதிதாகத்தான் இருந்தது. மரக்கூழில் செய்த காகிதம். லிக்னின் என்று ஒன்று உள்ளே இருக்கிறது, வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகிவிடும். வெள்ளையாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வந்தவர்: (புரட்டுகிறார்) இந்தப் பக்கம் சரியாக அச்சாகவே இல்லை! டாட்ஜர்ஸ் அணியின் வரிசையில் ஒன்பது சைபர். அப்புறம் தனியாக மூன்று சைபர்.

கடைக்காரர்: ரன் சைபர். ஹிட் சைபர். எர்ரர் சைபர். 27 முறை பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், 27 முறையும் வந்த வழியே போனார்கள். ஒருத்தர்கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. லார்சனின் 97ஆவது பந்து, கடைசி ஆள் டேல் மிட்செல் பேட்டை வீசாமல் சும்மா நிற்கிறார், அம்பயர் பினெல்லி ஸ்ட்ரைக், அவுட் என்று கையைத் தூக்கிவிட்டார். வேர்ல்ட் சீரிஸ் என்கிற பேஸ்பால் இறுதித் தொடரில் இப்படி இன்னொன்று இன்றுவரை இல்லை. அந்த சைபருக்குத்தான் தம்பி காசு.

வந்தவர்: எவ்வளவு?

கடைக்காரர்: 60 டாலர்.

வந்தவர்: மேலே சென்ட் கணக்கில்தானே விலை போட்டிருக்கிறது!

கடைக்காரர்: அந்த விலைக்கு வேண்டுமென்றால் 1956 அக்டோபர் 9 காலையில் வந்திருக்க வேண்டும்.

வந்தவர்: எட்டு.

கடைக்காரர்: ஒன்பது!

வந்தவர்: எனக்கு முழுப் பக்கம் எதற்கு? கேட்சர் யோகி பெரா ஓடிவந்து லார்சன் மேல் ஏறித் தொங்குகிறாரே, அந்தப் படத்தை மட்டும் வெட்டிக் கொடுங்கள். எங்கள் மேனேஜர் ரிட்டயர் ஆகிறார், ஃபிரேம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

(கடைக்காரர் மேசை மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.)

கடைக்காரர்: படத்துக்குப் பின்னால் குதிரைப் பந்தய முடிவு இருக்கிறது. அதற்கென்றே ஒருத்தர் மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். மைக்ரோஃபிலிம் எடுத்த கையோடு நூலகங்களே கட்டுக்கட்டாகத் தூக்கி எறிந்தன. அதில் தப்பியதை இப்போது மேனேஜர்கள் ரிட்டயர் ஆகியே முடித்துவிடுவார்கள் போலிருக்கிறது.

வந்தவர்: கோபப்படாதீர்கள். அடுத்த கடையில் எட்டாம் தேதிப் பேப்பரே இருக்கிறது. வெள்ளை வெளேரென்று, லேமினேட் செய்தது. 15 டாலர்தான்.

கடைக்காரர்: காலைப் பேப்பரா?

வந்தவர்: காலைப் பேப்பர்தான். லார்சன் பெயர் இவ்வளவு பெரிய எழுத்தில்.

கடைக்காரர்: ஆட்டம் தொடங்கியதே மதியம்தான் தம்பி. காலையிலேயே முடிவைப் போட்ட பேப்பர் என்றால் விட்டுவிடாதே, ஓடிப்போய் வாங்கு. அடுத்த வார லாட்டரி நம்பரும் அதில் இருக்கும்.

வந்தவர்: எத்தனையாவது பக்கத்தில்?