தொடக்கச் சம்பளத்தோடு கணக்கு முடிவதில்லை

"டிப்ளோமா முடிச்சாச்சு, வேலையும் கிடைச்சாச்சு. இனி டிகிரி எதுக்கு?" நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பிள்ளை உழைப்பாளியாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை. சம்பளக் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

2024இல் சிங்கப்பூரில் படிப்பை முடித்து முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்தவர்களில் பல்கலைக்கழகப் பட்டதாரியின் இடைநிலை மாதச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) 4,500 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயதாரிக்கு, அதாவது டிப்ளோமா முடித்தவருக்கு, 2,900. இருவருக்கும் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வு என்றே வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டில் பட்டயதாரி எட்டுவது சுமார் 4,290. பட்டதாரி வாங்கிய முதல் மாதச் சம்பளத்தைக்கூட அவர் இன்னும் தொடவில்லை! பட்டதாரியோ அதற்குள் 6,660ஐத் தாண்டியிருப்பார். 1,600 வெள்ளி இடைவெளி, யாரும் யாரையும் ஏமாற்றாமலே, 2,370 வெள்ளி ஆகிவிடுகிறது.

ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதி இதை வீடுவரை கொண்டுபோகிறது. 35 வயது வரை, வீடு வாங்கவும் பயன்படுத்தக்கூடிய அதன் சாதாரணக் கணக்கில் விழுவது சம்பளத்தில் 23 விழுக்காடு: தொடக்கச் சம்பளத்தில் பட்டதாரிக்கு மாதம் 1,035, பட்டயதாரிக்கு 667. பதிவுக்கேற்பக் கட்டித்தரும் அரசு அடுக்குமாடி வீட்டுக்கு (பிடிஓ) முன்பணம் கட்டும் நாளில்தான் இந்த 368 வெள்ளியின் அருமை தெரியும்.

விழுக்காட்டில் மட்டும் உயர்வு கொடுப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. தேசிய சம்பள மன்றம் குறைந்த சம்பளக்காரர்களுக்கு 'இத்தனை விழுக்காடு அல்லது இத்தனை வெள்ளி, எது அதிகமோ அது' என்றுதான் பரிந்துரைக்கிறது. ஆனால் 2024இல் அதற்கான மாதச் சம்பள வரம்பு 2,500 வெள்ளி. 2,900 வாங்கும் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வரம்பை மேலே நகர்த்த வேண்டும்.

தொழில்நுட்பக் கல்விக் கழகமான ஐடிஇயில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு இன்றே ஒரு வழி இருக்கிறது: ஐடிஇ முன்னேற்ற விருது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கானது. 30 வயதுக்குள் டிப்ளோமாவில் சேர்ந்தால் உயர்நிலைக்குப் பிந்தைய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி. முடித்தால் சாதாரணக் கணக்கில் 10,000. சேர்ந்துவிட்டு நடுவில் நின்றால் அந்தப் பெரிய தொகை வராது. பலர் சறுக்குவது இங்கேதான்: ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை, பிறகு இரண்டு வருடம் டெலிவரி வேலை, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வயது ஓடிவிடும். தேசிய சேவை முடிய ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்ப நாள்களைக் குறித்துவையுங்கள். கட்டணம் கட்டுமுன், சேரும் டிப்ளோமா அந்த விருதுக்குத் தகுதியானதா என்று ஐடிஇயிடமே கேட்டுவிடுங்கள்.