பொன்னாடை வேண்டாம், மைக்கைக் கொடுங்கள்

வயதான பாடகர்களை நாம் கௌரவிக்கும் விதத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம். மேடையேற்றுவோம், பொன்னாடை போர்த்துவோம், பழைய பாட்டில் இரண்டு வரி பாடச் சொல்லி, எழுந்து நின்று கைதட்டிக் கீழே இறக்கிவிடுவோம். குரல் லேசாக நடுங்கினால் வாத்தியச் சத்தத்தைக் கூட்டி மூடிவிடுவார்கள். அமெரிக்காவில் இதற்கு ஆல்பமே போடுவார்கள். அதே பழைய ஹிட் பாட்டுகள், கூடப் பாட இளம் நட்சத்திரங்கள், அட்டையில் சிரித்த முகமாக ஒரு படம். எல்லாம் அன்பில் செய்வதுதான். ஆனால் அந்த மனிதரிடம் இன்னும் சொல்ல ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

இந்த வருத்தம் வரும்போதெல்லாம் நான் போட்டுக் கேட்கும் ஆல்பம் 'வேன் லியர் ரோஸ்'. 2004 ஏப்ரலில் வந்தது. பாடியவர் லொரெட்டா லின், அமெரிக்கத் தென்மாநிலக் கிராமங்களில் வேர்விட்ட கன்ட்ரி இசையின் பாடகி. அப்போது அவருக்கு 72 வயது. மொத்தம் 13 பாட்டு, அவர் எழுதாத பாட்டு ஒன்றுகூட இல்லை. அப்போது அவர் பாட வந்து நாற்பது வருடத்துக்கும் மேலாகியிருந்தது.

கன்ட்ரி பாட்டு கேட்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதியில் புட்சர் ஹாலர் என்று ஓர் இடம். ஹாலர் என்றால் இரண்டு மலைச்சரிவுக்கு நடுவில் இருக்கும் ஒடுங்கின பள்ளத்தாக்கு. 1932-இல் அங்கே ஒரு மரவீட்டில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தவர் லொரெட்டா. பதினைந்து வயதில் கல்யாணம். கணவர் ஆலிவர் லின், எல்லாரும் கூப்பிடுவது டூலிட்டில். கல்யாணமான கையோடு நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபோனார்கள். இருபது வயதுக்குள்ளேயே நான்கு குழந்தைகள். மனைவி வீட்டில் பாடுவதைக் கேட்ட டூலிட்டில் 17 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். 1960-இல் முதல் இசைத்தட்டு வந்தபோது, ரெக்கார்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேருமாக ஒவ்வொரு வானொலி நிலையமாக ஏறி இறங்கினார்கள்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. குடித்துவிட்டு வரும் கணவனை வாசலிலேயே நிறுத்தும் பாட்டு, தன் புருஷன் மேல் கண் வைத்தவளைக் கைமுஷ்டியைக் காட்டி எச்சரிக்கும் பாட்டு, விவாகரத்தானவளை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று கேட்கும் பாட்டு. கருத்தடை மாத்திரையைப் பற்றி 1975-இல் அவர் பாடிய பாட்டைப் பல வானொலி நிலையங்கள் போட மறுத்தன. 1972-இல் கன்ட்ரி இசைச் சங்கம் வருடத்தின் சிறந்த கலைஞர் விருதை அவருக்குக் கொடுத்தது. அந்த விருதை வாங்கின முதல் பெண் அவர்தான்.

ஆனால் தொண்ணூறுகளில் அந்த வேகம் அடங்கிவிட்டது. டூலிட்டில் உடம்புக்கு முடியாமல் படுத்தார். லொரெட்டா பாட்டைக் குறைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டார். 1996-இல் அவர் போய்விட்டார். 48 வருட வாழ்க்கை. அவர் குடித்ததையும், வேறு பெண்களிடம் போனதையும், வீட்டில் நடந்த அடிதடியையும் லொரெட்டா எங்கேயும் மறைத்ததில்லை. அவர் இல்லாமல் தான் பாட வந்திருக்கவே முடியாது என்பதையும் அதே வாயால் சொன்னார்.

இந்த இடத்தில்தான் ஜாக் ஒயிட் வருகிறார். 'தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்' என்ற ராக் இசைக்குழுவின் பாடகர், கிட்டாரிஸ்ட். 2001-இல் வந்த தங்கள் ஆல்பத்தை அந்தக் குழு லொரெட்டாவுக்குச் சமர்ப்பணம் செய்திருந்தது. அது காதுக்கு எட்டியதும் லொரெட்டா அவர்களை டென்னஸியில் ஹரிகேன் மில்ஸில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். தன் கையால் சிக்கனும் டம்ப்ளிங்ஸும் சமைத்துப் போட்டார். கோழிக் குழம்பில் மாவு உருண்டைகளைப் போட்டு வேகவைக்கும் தென்மாநிலச் சாப்பாடு அது. அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான் இந்த ஆல்பம். வெளியானபோது ஜாக் ஒயிட்டுக்கு 28 வயது.

அந்தப் பையன் செய்த ஒரு காரியத்துக்காக நான் அவருக்கு என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். பழைய ஹிட்டுகளைப் பாடச் சொல்லவில்லை. எழுதி வைத்திருப்பதைக் காட்டுங்கள் என்று கேட்டார். கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில்லின் கிழக்குப் பக்கம் ஒரு வீட்டில், எட்டே தடங்கள் கொண்ட பழைய பாணி டேப்பில் பதிவு. நாஷ்வில்லின் பெரிய ஸ்டூடியோ வாத்தியக்காரர்களைக் கூப்பிடாமல், வேறு சிலரை வைத்தே வாசித்தார். லொரெட்டாவின் குரலுக்கு மெருகு பூசவில்லை. மலைக்காட்டுப் பேச்சு அப்படியே இருக்கிறது. நிலக்கரித் தொழிலாளி மகளாகப் பிறந்தேன் என்று 1970-இல் பாடியபோதே 'போர்ன்' என்று சொல்லாமல் 'போர்ன்ட்' என்று பாடியவர் அவர். பள்ளிக்கூட இலக்கணத்துக்குத் தப்பு, புட்சர் ஹாலருக்குச் சரி. அந்த நாக்கு இந்த ஆல்பத்திலும் ஒரு மாத்திரை மாறவில்லை.

முதல் பாட்டின் பெயர்தான் ஆல்பத்துக்கும். அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஒரு குழந்தை கதை கேட்கிறது. அப்பா ஒரு பழைய போட்டோவை வெளியே எடுக்கிறார். வேன் லியர் ஊரின் அழகி, சுரங்கக்காரர்கள் எல்லாரும் கனவு கண்ட பெண். உன்னையெல்லாம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள் என்று கூட இருந்தவர்கள் கேலி பண்ணினார்கள். அவள்தான் அம்மா. வேன் லியர் என்பது நிலக்கரிக் கம்பெனி கட்டிய ஊர், அந்தக் கம்பெனியின் இயக்குநர் ஒருவரின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். அந்தப் பெயரோடு ஒரு ரோஜாவைச் சேர்த்துத் தன் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார் மகள். மகளின் முதல் இசைத்தட்டு வருவதற்கு முந்தைய வருடமே அப்பா இறந்துவிட்டார். இது தெரிந்தபின் அந்தப் போட்டோ வருகிற இடத்தை என்னால் சும்மா கேட்டுக் கடக்க முடிவதில்லை.

அடுத்து 'போர்ட்லண்ட், ஓரிகன்'. கிட்டாரும் டிரம்ஸும் ஒரு நிமிடத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. யாரோ வரப்போகிறார் என்று தெரு முழுக்கக் காத்திருப்பது மாதிரி. அப்புறம்தான் லொரெட்டா வாயைத் திறக்கிறார். குடி, இரவு, ஒரு ஆண், ஒரு பெண். 72 வயதுப் பெண்மணியும் 28 வயது இளைஞரும் சேர்ந்து அதைப் பாடுகிறார்கள். பாட்டியும் பேரனும் பாடுவதுபோல் ஒரு நொடிகூடத் தோன்றாது. வயதைச் சொல்லிச் சலுகை கேட்காத குரல் அது. கன்ட்ரி வானொலிகள் இந்தப் பாட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 2005-இல் கிராமி வந்தது, சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கு ஒன்று, இந்த ஜோடிப் பாட்டுக்கு ஒன்று. அதற்குமுன் அவர் கிராமி வாங்கியது 1972-இல், கன்ட்ரி பாடகர் கான்வே ட்விட்டியோடு பாடிய பாட்டுக்கு. நடுவில் 33 வருடம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஃபேமிலி ட்ரீ'. கணவன் போய்த் தங்கியிருக்கும் இன்னொருத்தி வீட்டு வாசலில் மனைவி வந்து நிற்கிறாள். தனியாக வரவில்லை. குழந்தைகளைக் கூட்டி வந்திருக்கிறாள், நம் குடும்ப மரத்துக்குத் தீ வைக்கிறவள் இவள்தான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. வீட்டு நாயையும் பிடித்து வந்திருக்கிறாள். கட்டாமல் கிடக்கிற பில்களும் கையில் இருக்கின்றன. நான் சண்டை போட வரவில்லை என்கிறாள். அந்த பில்களைப் பாருங்கள்! துரோகம், கண்ணீர் என்று ஆயிரம் பேர் எழுதலாம். கெடு தாண்டின பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு போகத் தோன்றுவது, வீட்டுக் கணக்குப் பார்த்த ஒருத்திக்குத்தான். முப்பதுகளில் இதே சண்டையைக் கைமுஷ்டியோடு பாடியவர், எழுபதில் பில்லோடு பாடுகிறார். பில்தான் வலுவான அடி என்று நினைக்கிறேன்.

'விமென்ஸ் பிரிசன்' இன்னும் கடுமை. துரோகம் செய்த காதலனைக் கொன்றுவிட்டு மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒருத்தி. வெளியே கூட்டம் அவள் சாவுக்காகக் கூச்சல் போடுகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் தன் அம்மாவின் அழுகை மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்கிறது. அவள் பக்கம் நியாயம் இருப்பதாகவும் லொரெட்டா சொல்வதில்லை, அவளைத் தள்ளியும் வைப்பதில்லை.

'லிட்டில் ரெட் ஷூஸ்' பாட்டே கிடையாது. குழந்தையாக இருந்தபோது சாகக் கிடந்ததையும், அம்மா தூக்கிக்கொண்டு வைத்தியத்துக்கு அலைந்ததையும், ஒரு ஜோடி சிவப்பு ஷூவையும் பற்றி அவர் பேசிக்கொண்டே போகிறார். பேச்சுக்கு அடியில் இசை. சொல்லும்போது கொஞ்சம் தடுமாறுகிறார், சொன்னதையே திரும்பச் சொல்கிறார். அதையெல்லாம் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

எல்லாமே எனக்கு ஒப்புதல் என்றும் சொல்லமாட்டேன். 'ஹேவ் மெர்சி'யில் ஜாக் ஒயிட்டின் ஆர்வம் கொஞ்சம் அதிகமாகி, கிட்டார் லொரெட்டாவின் மேல் வந்து விழுகிறது. 'காட் மேக்ஸ் நோ மிஸ்டேக்ஸ்' சொல்லும் விஷயத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. கடவுள் தப்பு செய்வதில்லை என்பதை இவ்வளவு வேதனையைப் பார்த்த பிறகும் எப்படிச் சொல்ல முடியும் என்று கோபமாக வரும். ஆனால் 1984-இல் தன் மகனை ஆற்றில் பறிகொடுத்த ஒரு தாய் இதைப் பாடுகிறார். அவரோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அந்தப் பாட்டுக்கு வருகிறேன். 'மிஸ் பீயிங் மிஸ்ஸஸ்'. ஒரே ஒரு கிட்டார், லொரெட்டா. வேறு எதுவும் இல்லை. கணவர் போன பிறகு படுக்கையில் தனியாகக் கிடக்கும் ஒருத்தி, கல்யாண மோதிரத்தைக் கழற்றி வலது கையில் போட்டுக்கொள்கிறாள். திருமதியாக இருந்ததை நினைத்து ஏங்குகிறாள், அவ்வளவுதான். அந்த மனிதர் செய்த எல்லாவற்றையும் நாற்பது வருடம் பாட்டில் வைத்துத் திட்டியவர், அவர் போன பிறகு பாடும் பாட்டு இது. பழையதை வாபஸ் வாங்கவும் இல்லை, அவரை உத்தமராக்கவும் இல்லை.

அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு மத்தியானம் இந்தப் பாட்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் பாட்டு, என்ன சொல்றாங்க என்று கேட்டாள். வரிவரியாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். மோதிரம் வந்த இடத்தில் கை நின்றது.

"கழட்டி எங்கடி வச்சாங்க?"

"வலது கையில போட்டுக்கிட்டாங்கம்மா."

"ம். கையிலதானே இருக்கு" என்றாள். மறுபடி கீரையை எடுத்தாள். அப்புறம், "இன்னொரு தடவ போடு" என்றாள்.

அன்றைக்கு அந்தப் பாட்டை நான்கு தடவை போட்டோம்.

இந்த ஆல்பத்துக்குப் பிறகும் லொரெட்டா ஓயவில்லை. 2017-இல் பக்கவாதம் வந்தது, அடுத்த ஜனவரியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகும் 2018-இல் ஓர் ஆல்பம், 2021-இல் தன் 50-வது ஆல்பம். அப்போது வயது 88. 2022 அக்டோபர் 4 அன்று ஹரிகேன் மில்ஸ் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். தொண்ணூறு வயது. செய்தி வந்த அன்று அவருடைய பழைய ஹிட் பாட்டுகளை எல்லாரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். நான் 'வேன் லியர் ரோஸ்' போட்டேன்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். பாட்டுகளைக் கலைத்துப் போடாதீர்கள், வரிசையாகக் கேளுங்கள். அப்பா அம்மாவின் கதையில் தொடங்கும் ஆல்பம் 'ஸ்டோரி ஆஃப் மை லைஃப்' என்ற பாட்டில் முடிகிறது. கல்யாணம், பிள்ளைகள், இரட்டைக் குழந்தைகள், தன் வாழ்க்கையை ஹாலிவுட்டில் படமெடுத்தது எல்லாவற்றையும் சில நிமிடத்தில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார். கென்டக்கிப் பொண்ணு ஒருத்திக்கு இது மோசமில்லைதான் என்கிறார். கேளுங்கள், இரண்டு தடவை சொல்கிறேன் என்கிறார். நான் திரும்ப முதல் பாட்டிலிருந்து போட்டுவிடுவேன்.