42 வயதில் முதல் சினிமா

பிரிட்டிஷ் நடிகர் ஆலன் ரிக்மனைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ரிக்மன் என்றாலே ஹாரி பாட்டரில் வரும் ஸ்னேப் பாத்திரம்தான் என்று அது ஆரம்பிக்கிறது. சரி, 2001 முதல் 2011 வரை எட்டு ஹாரி பாட்டர் படங்கள், இன்றைய பிள்ளைகளுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் மனிதர் முதலில் கிராஃபிக் டிசைனர். ராடா நடிப்புப் பள்ளியில் சேரும்போதே வயது 26. அப்புறம் பல வருஷம் மேடைதான். 1985இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நாடகத்தில் வால்மோன்ட் என்ற பாத்திரத்தில் நடித்தார். அது நியூயார்க்கின் பிராட்வே அரங்கு வரை போய், டோனி என்ற நாடக விருதுக்கான பரிந்துரையும் வாங்கித் தந்தது. அதற்குப் பிறகுதான் 1988இல் முதல் சினிமா, 'டை ஹார்ட்'. கடைசியில் மாடியிலிருந்து விழும்போது அந்த முகத்தைப் பாருங்கள். படப்பிடிப்பில், மூன்று எண்ணியதும் கீழே விடுவோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, முன்னாடியே விட்டுவிட்டார்களாம். கண்ணில் தெரியும் திடுக்கிடல் நடிப்பே இல்லை! அந்தக் குரலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குக் குறை. அவசரமே படாமல், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, மென்று, பிறகுதான் வெளியே விடுவார்.