காணொளியில் தெரியாத மின்சாரம்
'இயந்திரம் ஓடும் காணொளியைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பினால் ஏமாற மாட்டீர்கள்' என்று வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வாங்குவது பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். தைவானிலிருந்து வாங்கிய லேத் (கடைசல் இயந்திரம்) காணொளியில் அருமையாகத்தான் ஓடியது. அங்கே மின்சாரத்தின் அதிர்வெண் நொடிக்கு 60 சுழற்சி, அதாவது 60 ஹெர்ட்ஸ்; நம் தென்னாப்பிரிக்காவில் 50. டர்பன் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து, மின்மாற்றி வைத்து மாட்டியும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவு, மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு. மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. மேலே கருத்து எழுதிய ஒரு வாசகர், இறக்குமதிக்கான 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு) வரியைக் கணக்கில் சேர்க்கச் சொன்னது சரிதான், ஆனால் அது வெறும் விலைக்கு அல்ல. சுங்க மதிப்போடு 10 சதவீதமும் சுங்கத் தீர்வையும் கூட்டிய தொகைக்கு. வோல்ட், ஹெர்ட்ஸ் எல்லாம் பொறித்திருக்கும் மோட்டாரின் விவரத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் எனக்கு அன்றே தெரிந்திருக்கும்.